கல் வளர்க்கவும் கல் வளராமல் பார்க்கவும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் உரக்கடையில் 0:52:34 கொடுங்கள் என்றால் ஒரு கிலோ பொட்டலத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். சொட்டுநீரில் கலந்து தக்காளிக்கும் கத்தரிக்கும் விடுகிற வெள்ளைப் பொடி. எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் இதை அறியாத விவசாயி இருக்க மாட்டார். பொட்டலத்தின்மேல் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்று அச்சிட்டிருக்கும். ஆய்வகத்தில் அதே உப்புக்குப் பெயர் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சுருக்கமாகக் கேடிபி. கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகளை, ஹைட்ரஜன் எரிபொருள் உருண்டை வைத்த ஒரு சிறு உலோக உருளைக்குள் குவிக்கிறார்கள். அந்தக் கற்றைகளின் அகச்சிவப்பு ஒளியைப் புறஊதா ஒளியாக மாற்றித் தருபவை இந்த உப்பிலும் இதன் கனநீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள நீர்) வகையிலும் வளர்த்த படிகத் தகடுகள். 2022 டிசம்பர் 5 அன்று அங்கே, செலுத்திய லேசர் ஆற்றலைவிட அதிக ஆற்றல் அணுக்கரு இணைவில் வெளிவந்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் உரக்கடைதான்.

தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் 31 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தேன். அலுவலகத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், பீக்கர் முன்னால் மௌனம். படிப்பு பிரீ டிகிரியோடு நின்றுவிட்டது. ஆனால் ஆராய்ச்சி மாணவர்கள் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனபோது அவர்களுடைய படிகங்களைக் கண்காணித்தவன் நான். பிறகு, யாரும் கேட்காமலேயே நானும் ஒரு படிகம் வளர்த்தேன். இடது சிறுநீரகத்தில், 5 மில்லிமீட்டர் அளவில். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பீக்கரில் கல் வளர வேண்டும் என்று தவிப்பவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பவர்களும் தனித்தனியாக வாசிக்க வேண்டாம். இரண்டும் ஒரே வேதியியல்தான்.

ஒரு தற்செயல் எனக்குப் பிடிக்கும். 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனும் அவருடைய கூட்டாளிகளும் 694 நானோமீட்டர் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தி, சரிபாதி அலைநீளமான 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பிடித்தார்கள். நேரிலா ஒளியியல், அதாவது வலுவான ஒளி ஒரு பொருளுக்குள் போய் வேறு நிறமாக மாறுவது போன்றவற்றைப் பார்க்கும் துறை, அங்கே தொடங்கியது. புகைப்படத் தகட்டில் விழுந்த ஒளிப்புள்ளி மிகச் சிறியதாக இருந்ததால், அச்சுக்குப் போகும்போது யாரோ அழுக்கு என்று நினைத்து அதை அழித்துவிட்டார்கள். வெளியான கட்டுரையில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அதே 1961-இல்தான், பிரேமிங்காம் என்ற அமெரிக்க ஊரில் 1948 முதல் 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்துவந்த வில்லியம் கேனலும் மற்றவர்களும் இதயநோய் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஆபத்துக் காரணிகள்’ என்று எழுதினார்கள். இன்று எந்த மருத்துவரிடம் போனாலும் காதில் விழுகிற சொல் அது.

பீக்கரில் வளர்ப்பது

உரப்பொடியை அப்படியே பயன்படுத்தினால் படிகம் கலங்கலாகத்தான் வரும். முதலில் உப்பைக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் கரைத்து, வடித்து, மறுபடி படிகமாக்குவது. கால் லிட்டர் வாலைவடிநீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி 120 கிராம் பொடியைக் கரையுங்கள். சூடு ஆறும் முன்பே வாட்மேன் வடிதாளில் வடித்து, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கேடிபி 60 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 50 கிராம் கரையும். 30 டிகிரியில் 28 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? அடியில் படியும். காலையில் 50 கிராம் போலச் சுத்தமான உப்பு கிடைக்கும். இதை இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும். மேலே நிற்கிற தாய்க்கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், உரம்தானே அது. எங்கள் துறைக்குப் பின்னால் நிற்கும் தென்னை பல முனைவர் பட்டங்களின் மிச்சத்தைக் குடித்து வளர்ந்தது.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எங்கள் பகுதிக் கிணற்றுநீரில் உப்பும் புளூரைடும் உண்டு. குழாய் நீரில் கரைத்த மாணவர் ஒருவர் மூன்று வாரம் காத்திருந்து, அடியில் சோற்றுப்பருக்கை போல ஏதோ கிடக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். பழகிப்பார்ப்பதற்குப் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். அளவெடுத்து எழுதுகிற வேலைக்கு இரண்டு முறை வடித்த நீர் வேண்டும்.

சுத்தமான உப்பு கிடைத்தபின், 30 டிகிரியில் 300 மில்லி நீருக்கு 84 கிராம் என்று கரைத்தால் தெவிட்டிய கரைசல் ஆகிவிடும். ஸ்டிரர் (கலக்கும் கருவி) இருந்தால் ஆறு மணி நேரம் சுழல விடுங்கள். கரைசல் அமிலத்தன்மையோடு இருக்கும், பிஎச் 4-ஐ ஒட்டி, பயப்பட வேண்டாம். பீக்கரின் வாயை மெல்லிய பாலிதீன் தாளால் கட்டி, குண்டூசியால் பத்துத் துளை போடுங்கள். இனி வேலை செய்ய வேண்டியது ஆவியாதல்.

புத்தகத்தில் இல்லாத சங்கதி இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. ஏப்ரலில் பகல் 40 டிகிரியைத் தொடும், பின்னிரவில் 26-க்கு இறங்கும். பகலில் சூடேறும்போது படிகத்தின் தோல் கரையும், இரவில் குளிரும்போது அவசர அவசரமாக வளரும். அப்படிக் கரைந்து வளர்ந்த படிகத்துக்குள் மூடுபனி போல ஒரு திரை நிற்கும். அது கரைசலே உள்ளே மாட்டிக்கொண்ட இடம். வாட்டர் பாத் (வெப்பநிலை மாறாமல் வைக்கும் தண்ணீர்த் தொட்டி) இல்லாதவர்கள் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி, அதன் நடுவே பீக்கரை நிறுத்தி, வாளியைச் சுற்றித் தெர்மகோல் ஒட்டுங்கள். அவ்வளவு தண்ணீர் சுலபத்தில் சூடாகாது, சுலபத்தில் ஆறாது. ஆடி மாதக் காற்றில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும். மேசை நடுங்கினாலும் வேண்டாத படிகங்கள் கொட்டும். மேசைக் கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூப்பை மடித்து வைத்தேன். லாரி போகும் சாலையோரத்தில் இருக்கும் ஆய்வகத்துக்கு அதைவிட மலிவான மருந்து நான் பார்க்கவில்லை. இன்னொன்று, ஏப்ரலில் பத்து நாளில் முடிகிற வேலை மழைக்காலத்தில் ஒரு மாதம் பிடிக்கும். ஆய்வேட்டில் எல்லோரும் ‘அறை வெப்பநிலையில்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். எந்த அறை, எந்த மாதம் என்று எழுத மாட்டார்கள்.

நான்கைந்து நாளில் அடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் படிகங்கள் தெரியும். நீள்சதுரத் தூண், இரு முனையிலும் கூம்பு. அதில் விளிம்பு கூர்மையாக, உள்ளே கோடில்லாமல், மற்றொன்றோடு ஒட்டாமல் இருக்கும் ஒன்றை எடுங்கள். அதுதான் விதைப் படிகம். ஆய்வகத்தில் எல்லோரும் ‘சீட்’ என்றே சொல்வார்கள். தூண்டில் நரம்பில் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். கரைசலை வேறு பீக்கருக்கு வடித்து மாற்றுங்கள். அடியில் கிடக்கும் குட்டிகள் உப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும். தொங்கவிடுவதற்கு முன் கரைசலை இரண்டு டிகிரி மட்டும் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது விதையின் மேல்தோல் கொஞ்சம் கரைந்து, கீறல் போய், புதுமுகத்தோடு வளரத் தொடங்கும். இந்தப் படியை விட்டுவிடுகிறவர்களே அதிகம். பிறகு பார்த்தால் படிகத்தின் நடுவில் விதை மட்டும் தனியாக, வெண்புள்ளியாகத் தெரியும்.

பிறகு தொடாதீர்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. “அண்ணா, எப்போது திறக்கலாம்?” என்று தினமும் வந்து கேட்ட மாணவியிடம், “அம்மணி, குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தால் இது வளராது” என்றேன். அவள் அடுத்த நாளும் வந்தாள்.

சில படிகம் மேலும் கீழும் வளரும், பக்கவாட்டில் நின்றுவிடும், பென்சில் முனை போலக் குறுகும். குற்றவாளி இரும்பு, குரோமியம், அலுமினியம் அயனிகள். இவை தூணின் பக்கமுகங்களில் ஒட்டிக்கொண்டு புது அடுக்கு பரவ விடாமல் தடுக்கின்றன. கரைசலில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஒரு சிட்டிகை சேர்த்தால் அது அந்த உலோக அயனிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கவ்வும் வேலையை ஞாபகத்தில் வையுங்கள், கீழே இதே வேலைக்காரர் வேறு பெயரில் வருகிறார்.

பச்சை ஒளி வருமா?

கேள்வி இதுதான்: 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை இந்தப் படிகம் பாதி அலைநீளத்துக்கு, 532 நானோமீட்டர் பச்சைக்கு, மாற்றுமா? ஊஞ்சலை மெதுவாகத் தள்ளினால் சீராக ஆடும். ஓங்கித் தள்ளினால் சங்கிலி குலுங்கும். வலுவான லேசர் ஒளியில் படிகத்து எலக்ட்ரான்களும் அப்படித்தான் குலுங்குகின்றன. அந்தக் குலுக்கலில் இரட்டை அதிர்வெண் உள்ள ஒளி பிறக்கிறது. ஆனால் படிகத்தின் அமைப்புக்குச் சமச்சீர் மையம் (எந்த அணுவுக்கும் நேர் எதிரே அதே தூரத்தில் அதே அணு நிற்கும் நடுப்புள்ளி) இருந்தால், இந்தப் பக்கக் குலுக்கல் அந்தப் பக்கக் குலுக்கலை அழித்துவிடும், ஒன்றும் வராது. மொத்தம் 32 படிக வகுப்புகளில் மையம் இல்லாதவை 21. கேடிபி அதில் ஒன்று.

கடையில் விற்கும் பச்சை லேசர் பேனாவைக் கேடிபியில் அடித்துப் பார்த்து, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று வருத்தப்பட வேண்டாம். அந்தப் பேனாவுக்கு இரட்டிப்பாக்கும் அளவுக்கு வலு கிடையாது. அந்தப் பேனாவுக்குள்ளேயே ஒரு நேரிலாப் படிகம் உட்கார்ந்திருக்கிறது: 808 நானோமீட்டர் டையோடு ஒளி ஒரு படிகத்தைத் தூண்டி 1064-ஐத் தருகிறது, பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் அதை 532 பச்சையாக மாற்றுகிறது. மலிவான பேனாக்களில் வடிகட்டி இல்லாமல் அந்த 808-உம் 1064-உம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்தே வெளியே வரும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை வேறு. கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, அதன்முன் ஒரு போலராய்டு தாளையோ போலராய்டு குளிர்கண்ணாடியையோ இருட்டாகும் வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே படிகத்தைப் பிடித்துத் திருப்பினால் ஒளிர்ந்து மங்கும். கூம்பு முனை உங்களைப் பார்க்கும்படி, தூணின் நீளவாக்கில் பார்த்தால் இருட்டாகவே இருக்கும், ஏனென்றால் அது ஒளி அச்சு, அந்தத் திசையில் போகும் ஒளியைப் படிகம் மாற்றாது. இந்தச் சோதனை படிகம் நல்லதா என்று சொல்லும், இரட்டிப்பாக்குமா என்று சொல்லாது. அதற்குப் பொடித்து, நுண்குழாயில் அடைத்து, 1064 லேசர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். 1968-இல் கர்ட்சும் பெர்ரியும் சொன்ன முறை. எங்கள் பக்கத்து மாணவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ‘கேடிபியைப் போல இத்தனை மடங்கு’ என்று ஒரு எண் திரும்பி வரும். அந்த ஒற்றை எண்ணுக்காக இரண்டு வருடம்.

இங்கே ஒரு கசப்பு. கிளைசின் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகக் கரைத்தால் வருவது ஆல்பா வகை, அதற்குச் சமச்சீர் மையம் உண்டு. சமையல் உப்பைச் சேர்த்துக் கரைத்தால் காமா வகை வரும், அது பச்சை ஒளி தரும். படிகத்துக்குள் உப்பு போகவே இல்லை, அது பக்கத்தில் நின்று வழிகாட்டியது மட்டும்தான். ஆனால் ‘கிளைசின் சோடியம் குளோரைடு, புதிய நேரிலாப் படிகம்’ என்பது போன்ற தலைப்புகளில் கட்டுரைகள் வந்தன. பின்னர் அப்படிப்பட்ட பலவும் பழைய படிகமே என்று எக்ஸ் கதிர் ஆய்வில் மறுக்கப்பட்டன. இரண்டு பொருளை ஒரே பீக்கரில் போட்டுவிட்டதால் அவை படிகத்திலும் சேர்ந்துவிட்டன என்று நம்புவது மனித இயல்பு. எக்ஸ் கதிர் அமைப்பும் தனிமப் பகுப்பாய்வும் இல்லாமல் புதிது என்று எழுதாதீர்கள். கிளைசின் கரைசலில் பஞ்சு போலப் பூஞ்சையும் வரும். அதையும் புதுப் படிகம் என்று ஒருவர் காட்டினார்.

உடம்புக்குள் வளர்ந்தது

ஏப்ரல் மாதம். தேர்வு நேரம். காலை முதல் மாலை வரை ஆய்வகத்தில் நின்றபடி வேலை, மின்விசிறிக்குக் கீழே வியர்வை. தண்ணீர் குடிக்க நேரமில்லை என்பது பொய்; கழிப்பறை தூரம் என்பதால் குடிக்கவில்லை. ஒரு நள்ளிரவில் இடது விலாவுக்குக் கீழே கடப்பாரையால் நெம்பியது போல வலி. அல்ட்ராசவுண்டில் 5 மில்லிமீட்டர் கல். 19 நாள் கழித்து அது தானாக வெளியே விழுந்தது. அதைக் கழுவிக் காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்கே எடுத்துப் போனேன். மாணவி தன் மாதிரிகளோடு அதில் ஒரு துணுக்கையும் அகச்சிவப்பு நிறமாலையில் வைத்தாள். அலையெண் 1620-ஐ ஒட்டியும் 1317-ஐ ஒட்டியும் உச்சங்கள். கால்சியம் ஆக்சலேட், ஒற்றை நீர் வகை. உலகில் சிறுநீரகக் கற்களில் மிகப் பெரும்பகுதி கால்சியம் கற்கள், அவற்றில் அதிகம் இந்த வகை.

“பச்சை ஒளி வருமா அண்ணா?” என்று சிரித்தாள். வராது. அதற்குச் சமச்சீர் மையம் உண்டு. கிருமித்தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட் கல்லுக்கு மையம் இல்லை. எனக்கு வாய்த்தது அதுகூட இல்லை.

அன்று உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. பீக்கர் என்றால் சிறுநீரகம். ஆவியாதல் என்றால் வியர்வை. கரைசலின் தண்ணீர் குறைந்தால் அதிதெவிட்டிய நிலை வரும், உப்பு படியும். விதைப் படிகம்கூட உண்டு: 1937-இல் அலெக்சாண்டர் ரேண்டல் என்பவர் சிறுநீரகக் காம்புகளில் (சிறுநீர் சொட்டும் உள்முனைகளில்) சுண்ணாம்புப் படலங்களைக் கண்டு, கற்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்று காட்டினார். இ.டி.டி.ஏ.வின் வேலையைச் செய்கிறவர்? சிட்ரேட். சிறுநீரில் கால்சியத்தைக் கவ்விக்கொண்டு ஆக்சலேட்டோடு சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சையில் இருப்பது அதுதான்.

இனி செய்முறை. முதல் வேலை, உங்களுடைய பீக்கரை அளப்பது. எவ்வளவு குடிக்கிறேன் என்று எண்ணாதீர்கள். எவ்வளவு வெளியே வருகிறது என்று அளவெடுங்கள். எங்கள் ஊர் வெயிலில் குடித்ததில் பெரும்பங்கு சட்டையில் காய்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அன்று முழுவதும், மறுநாள் காலை அதே நேரத்து முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் ஒரு கேனில் சேருங்கள். பரிசோதனைக்குக் கொடுப்பதென்றால் கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். எதற்கென்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லவில்லை. எனக்கு வந்தது 900 மில்லி. கல் வந்தவர்களுக்கு மருத்துவ வழிகாட்டிகள் கேட்பது தினம் இரண்டரை லிட்டர்.

அந்த இரண்டரை லிட்டர் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. இத்தாலியில் போர்கி குழுவினர், முதல் முறை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து ஆண்டு கவனித்து 1996-இல் வெளியிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு மறுபடி கல் வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு. இதய, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது. கல்வலியோடு காய்ச்சலும் வந்தால் தண்ணீரைப் பற்றியே பேசாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உப்பைக் குறைக்க வேண்டும். சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. எங்கள் வீட்டுக் கடுமாங்காய் ஊறுகாயும் பப்படமும் கருவாடும் சேர்ந்தால் மத்தியானத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

இலவச மருத்துவர்களும் வருவார்கள். பக்கத்துத் தோப்பில் கள் இறக்குகிறவன், “மாமா, இரண்டு குப்பி ஊற்று, கரைந்துவிடும்” என்றான். யூரிக் அமிலக் கல்லை மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட்டைக் கள் கரைக்காது. வாழைத்தண்டுச் சாறு? கல்லின் மிச்சத் துண்டை அதில் ஒரு மாதம் போட்டு வைத்தேன். சாறு நாறியது, கல் அப்படியே கிடந்தது. பீக்கர் வேறு, உடம்பு வேறு என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கல்லை வைத்து யாரும் கட்டுரை எழுதக் கூடாது. வாழைத்தண்டுக் கூட்டு நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் இரும்பன்புளி (பிலிம்பி) சாற்றை மருந்தென்று டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள். கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பிக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நல்லவேளையாகப் பத்துப் பேரும் தேறிவிட்டார்கள். அந்தப் புளியில் ஆக்சலேட் மிக அதிகம். மீன்குழம்பில் நாலு துண்டு போடுவது வேறு கணக்கு.

ஆய்வுச் செய்தியை எப்படி வாசிப்பது

முதலில் பார்த்த மருத்துவர் பால், தயிர், மோர் எதையும் தொடாதே என்றார். கால்சியம் கல் என்றால் கால்சியத்தை நிறுத்து. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எட்டு மாதம் மோர் இல்லாத மத்தியானங்களைக் கழித்தேன். பாலக்காட்டுச் சம்பா அரிசிச் சோற்றை மோர் இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு அதே மாணவிதான் இரண்டு கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அவற்றை வைத்தே வாசிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று பாருங்கள். 1993-இல் அமெரிக்காவில் கர்ஹன் குழு கல் வராத 45,619 ஆண்களை நான்கு ஆண்டு தொடர்ந்தது. 505 பேருக்குக் கல் வந்தது. ஆயிரத்துக்குப் பதினோரு பேர். செய்தித்தாள் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடும்போது இந்தப் பதினோரு பேரை மறக்காதீர்கள்.

அடுத்து, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள். உணவில் கால்சியம் மிக அதிகம் சாப்பிட்ட ஐந்திலொரு பங்கினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்ட ஐந்திலொரு பங்கினரோடு ஒப்பிட, ஆபத்து 0.56 மடங்கு. ஆம், குறைவு! என் மோரைப் பிடுங்கிய நியாயம் தலைகீழாக நின்றது. அந்த எண் வயதை மட்டும் கணக்கில் எடுத்தது. மது, மாமிசப் புரதம், பொட்டாசியம், குடிக்கும் நீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 0.66 ஆனது. இப்படிச் சேர்க்கச் சேர்க்க எண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வாசிப்பின் உயிர். எண் 1-ஐ நோக்கி, அதாவது இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்ற பக்கம் ஓடிவிட்டால் சந்தேகப்படுங்கள். கொழிஞ்சாம்பாறையில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கல் அதிகம் என்று யாராவது கணக்கெடுத்தால் அப்படி வரக்கூடும். செருப்பா காரணம்? செருப்பில்லாமல் நடப்பவர் வெயிலில் வரப்பு வெட்டுகிறவர். பீக்கரில் பக்கத்தில் நின்ற சமையல் உப்பைப் படிகத்துக்குள் இருப்பதாக எழுதியவர்களின் தவறும் இதே தவறுதான்.

மூன்றாவது, யாராவது காரணியை மாற்றிப் பார்த்தார்களா. போர்கி குழு 2002-இல் மாற்றிப் பார்த்தது. சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போய், அடிக்கடி கல் வந்த 120 இத்தாலிய ஆண்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. 60 பேருக்குக் கால்சியம் வழக்கம்போல, உப்பும் மாமிசப் புரதமும் குறைவு. ஐந்தாண்டு முடிவில் முதல் கூட்டத்தில் 23 பேருக்குக் கல், இரண்டாவதில் 12 பேருக்கு. பாதியாகக் குறைந்தது என்று சொன்னாலும் சரி, நூற்றுக்கு 38 பேர் 20 ஆனார்கள் என்று சொன்னாலும் சரி, ஒரே கணக்கு. நான் இரண்டாவதையே சொல்வேன். இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு: உப்பும் புரதமும் சேர்ந்தே மாறியதால், கால்சியம் ஒன்றே நன்மை செய்தது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. சோதனை நடந்தது இத்தாலியின் பார்மா நகரில். எங்கள் சித்திரை வெயில் அவர்களுக்கு இல்லை.

நான்காவது, எப்படி நடக்கிறது என்று விளக்கம் இருக்கிறதா. இருக்கிறது. சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்கும் அங்கிருந்து சிறுநீருக்கும் வந்துவிடுகிறது. ஆகவே பசலைக்கீரை சாப்பிடும் நாளில் தயிரையும் அதே இலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாத்திரையாக விழுங்கும் கால்சியம் வேறு கதை. 1997-இல் கர்ஹன் குழு பெண்களிடம் பார்த்தபோது, உணவுக் கால்சியம் ஆபத்தைக் குறைத்தது, மாத்திரைக் கால்சியம் கொஞ்சம் கூட்டியது. எலும்புக்காக மாத்திரை எடுப்பவர்கள் இதைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாட்டோடு எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

மோரைத் திரும்பத் தொடங்கி, இரண்டு மாதம் கழித்து அதே கேனில் மறுபடி அளந்தேன். 2,300 மில்லி. வெயில் காலத்தில் அதற்கு நான்கு லிட்டருக்குமேல் குடிக்க வேண்டியிருந்தது. கழிப்பறை அப்போதும் தூரம்தான்.

படிகத்தைப் பாதுகாப்பது ஒன்று பாக்கி. கரைசலிலிருந்து எடுக்கும்போது நரம்போடு தூக்கி, உடனே துடைக்காமல், அறைச் சூட்டிலேயே இருக்கும் வடிதாளில் வையுங்கள். ஏசி அறைக்குக் கொண்டுபோனால் விரிசல் விடும். நேராகத் தண்ணீரில் கழுவினால் முகம் அரிக்கும். எங்கள் ஊர் மிதுன (ஆனி) மாத ஈரத்தில் கேடிபி மங்கிவிடும் என்பதால், சிலிகா ஜெல் போட்ட மூடிய குப்பியில் வைத்து, உப்பு எத்தனை முறை கழுவியது, பிஎச் எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காலை மதியம் இரவு என்ன வெப்பநிலை என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். என் அலமாரியில் அப்படி இரண்டு குப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவு கேடிபி, 23 நாள். இன்னொன்றில் பழுப்பு நிறத்தில் அந்த ஆக்சலேட் துண்டு. அதன் ஒட்டுத்தாளில் தொடங்கிய தேதி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.